வன்னியின் பொருளாதாரப் புள்ளிவிபரம்: மத்திய வங்கியில் என்ன கிடைக்கும், எதற்கு வேறு இடம் போக வேண்டும்?

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர்கள், திட்ட முன்மொழிவு தயாரிக்கும் கூட்டுறவுச் சங்கக்காரர், ஊர்ச் செய்தி எழுதுபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

மத்திய வங்கியின் இணையத்தளத்தில் "வன்னி" என்று தேடினால் ஏன் ஒன்றும் வருவதில்லை?

வன்னி என்பது நாங்கள் வழங்கும் நிலப்பெயர். புள்ளிவிபரக்காரர்களின் கணக்கில் அப்படி ஒரு அலகு இல்லை. அவர்களிடம் இருப்பவை நாடு, மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு. இலங்கை மத்திய வங்கி தானே கணிக்கும் பிராந்தியக் கணக்குகள் பெரும்பாலும் மாகாணத்தோடு நின்றுவிடும். ஆகவே நீங்கள் தேட வேண்டிய சொல் "வட மாகாணம்". அதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நான்கு மாவட்டங்களையும் தனித்தனியாக எடுத்து நீங்களே கூட்ட வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்று மட்டும்தான். கிளிநொச்சி வாக்காளர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டவர்கள். தேர்தல் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணையும் நிர்வாக மாவட்ட அட்டவணையிலிருந்து இன்னோர் எண்ணையும் எடுத்து ஒன்றால் மற்றதை வகுத்தால், கிளிநொச்சி ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. உங்கள் "வன்னி" எந்த வன்னி என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, வட மாகாணத்துக்கு மத்திய வங்கி என்னதான் தருகிறது?

முக்கியமானது மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒன்பது மாகாணங்களுக்கும் விவசாயம், கைத்தொழில், சேவைகள் என்று பிரித்து ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். மாகாணங்களை ஒப்பிடும் சுபீட்சச் சுட்டெண் ஒன்றும் உண்டு. பொருளாதாரமும் வணிகச் சூழலும், மக்களின் நலன், உட்கட்டமைப்பு என்று மூன்று பகுதிகளைச் சேர்த்துச் செய்தது அது. இவை தவிர, பொருளாதார சமூகப் புள்ளிவிபரங்கள் என்ற ஆண்டுத் தொகுப்பில் மக்கள்தொகை, நெல், வறுமை போன்றவற்றுக்கு மாவட்ட எண்களையும் காணலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சேகரித்தவை. மத்திய வங்கி எடுத்து அச்சிடுகிறது, அவ்வளவுதான். அட்டவணையின் அடியில் "மூலம்" என்று இருக்கும் வரியைப் பாருங்கள். மூலம் திணைக்களமாக இருந்தால் நேரே அங்கே போவதுதான் நல்லது, இன்னும் விரிவாகக் கிடைக்கும்.

பல ஆண்டுகளாக ஏப்ரலில் வந்துகொண்டிருந்த ஆண்டறிக்கையைத் தேடிக் களைத்துப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்த பிறகு அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. பொருளாதாரப் பகுதி இப்போது வருடாந்தப் பொருளாதார மீளாய்வு என்ற பெயரில் வருகிறது. வங்கியின் சொந்தக் கணக்கு தனி வெளியீடு.

மாகாண உற்பத்தியை எப்படிக் கணிக்கிறார்கள்? வடக்கின் பங்கு ஏன் இவ்வளவு சிறிது?

கிராமம் கிராமமாகப் போய் எண்ணிக் கூட்டுவதில்லை. திணைக்களம் நாட்டின் மொத்த உற்பத்தியை நடப்பு விலையில் கணித்து வெளியிடுகிறது. மத்திய வங்கி அந்த மொத்தத்தை எடுத்து, ஒவ்வொரு துறைக்கும் பொருத்தமான குறிகாட்டிகளைக் கொண்டு மாகாணங்களுக்குப் பிரித்துக்கொடுக்கிறது. மேலிருந்து கீழே பிரிப்பதால், ஒன்பது மாகாணங்களையும் கூட்டினால் நாட்டின் மொத்தம் சரியாக வரும். ஆனால் சிறிய மாகாணத்தில் நடப்பது குறிகாட்டி எவ்வளவு நுணுக்கமானதோ அவ்வளவுக்குத்தான் தெரியும்.

மேல் மாகாணம் ஒன்றே நாற்பது சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வடக்கு நான்கைந்து சதவீதத்தோடு கடைசி வரிசையில் நிற்கும். இதை "வடக்கு மக்கள் அவ்வளவுதான் உழைக்கிறார்கள்" என்று வாசிக்கக் கூடாது. உள்நாட்டு உற்பத்தி என்பது பெறுமதி எங்கே உருவானது என்ற கணக்கு. காலபோக அறுவடை முடிந்ததும் வன்னி நெல் லொறியில் ஏறித் தெற்கு ஆலைகளுக்குப் போகிறது அல்லவா? நெல்லாக விளைந்த பெறுமதி வடக்குக்கு, அதை அரிசியாக்கிப் பொதிசெய்த பெறுமதி ஆலை இருக்கும் மாகாணத்துக்கு. மறுபக்கமும் உண்டு. மன்னாரில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் கோட்பாட்டின்படி வடக்கின் உற்பத்திதான். அதனால் மன்னார்க் குடும்பம் ஒன்றின் பையில் எவ்வளவு சேர்ந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தலா வருமானம் வேண்டும். எங்கே?

மாவட்ட மொத்த உள்நாட்டு உற்பத்தியை மத்திய வங்கி வெளியிடுவதில்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பிழைபோவதும் இதிலேதான்.

வழக்கமாகச் செய்வது இப்படி: வட மாகாண உற்பத்தியை எடுப்பது, மாகாண மக்கள்தொகையில் முல்லைத்தீவின் பங்கைக் கண்டுபிடிப்பது, அந்தப் பங்கால் பெருக்குவது, பிறகு முல்லைத்தீவு மக்கள்தொகையால் வகுத்துத் தலா வருமானம் என்று எழுதுவது. கையால் ஒருதரம் போட்டுப் பாருங்கள். 2012 தொகைமதிப்பில் மாகாணத்தில் 1,061,315 பேர். முல்லைத்தீவில் 92,238 பேர். முதலில் 92,238ஆல் பெருக்கி, கடைசியில் அதே 92,238ஆல் வகுக்கிறீர்கள். அது வெட்டுப்பட்டுப் போய், மிஞ்சுவது மாகாணத்தின் தலா வருமானம் மட்டும். யாழ்ப்பாணத்துக்குச் செய்தாலும் அதே எண், மன்னாருக்குச் செய்தாலும் அதே எண். அட்டவணை போட்டு ஐந்து மாவட்டங்களும் சமம் என்று "கண்டுபிடித்த" கட்டுரைகளும் இருக்கின்றன!

அதே தொகைமதிப்பில் யாழ்ப்பாணத்தில் 583,882 பேர். வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து 477,433 பேர். ஆக மாகாணச் சராசரி எதுவானாலும் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தின் கதைதான் அதில் இருக்கும். 2012க்குப் பிறகு அடுத்த தொகைமதிப்பு 2024இல் நடந்திருப்பதால் புதிய எண்களைப் பயன்படுத்துங்கள். ஆனால் மேலே சொன்ன பிழை புதிய எண்ணாலும் தீராது.

உங்களுக்கு வேண்டியது மக்களின் வருமானம் என்றால், திணைக்களத்தின் வீட்டு அலகு வருமான செலவின ஆய்வுக்குப் போங்கள். அதில் மாவட்ட வாரியாகக் குடும்ப வருமானம், செலவு, வறுமை மூன்றும் இருக்கின்றன. உற்பத்தியும் வருமானமும் வேறு வேறு என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

வன்னி மாவட்டங்கள் நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தானே? மாகாணச் சராசரி போதாதா?

போதாது. மேற்சொன்ன ஆய்வின் 2016ஆம் ஆண்டு வறுமை எண்களைப் பாருங்கள்: கிளிநொச்சி 18.2 சதவீதம், முல்லைத்தீவு 12.7, வவுனியா 2.0, மன்னார் 1.0. வட மாகாணம் 7.7. அந்த 7.7 வன்னியின் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தவில்லை. ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டி வடக்கே போகப் போக எண் எப்படி மாறுகிறது பாருங்கள். நிவாரணத் திட்டத்துக்கோ கடன் திட்டத்துக்கோ முன்மொழிவு எழுதும் சங்கம் மாகாண எண்ணைப் போட்டால், கிளிநொச்சிக்காரர் தங்கள் தேவையைத் தாங்களே பாதிக்கும் கீழாகக் குறைத்துக் காட்டியதாக முடியும்.

முல்லைத்தீவின் வறுமை 2016இல் 12.7, 2019இல் 44.5. மூன்று வருடத்தில் அப்படி என்ன நடந்தது?

இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாதவை. இடையில் வறுமைக் கோடு மாற்றப்பட்டது. பழைய கோட்டின்படி 2016இல் ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா. 2012/13 ஆய்வை அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டின்படி 2019இல் 6,966 ரூபா. விலைவாசி ஏற்றம் மட்டுமல்ல, "வாழ்வதற்கு ஆகக் குறைந்தது எவ்வளவு வேண்டும்" என்ற அளவுகோலே மாறிவிட்டது. அதனால்தான் நாட்டின் எண்ணும் 4.1இலிருந்து 14.3க்குத் தாவியது. இதை "வறுமை மூன்று மடங்கு கூடியது" என்று எழுதினால் தப்பு.

ஒப்பிட வேண்டுமா? ஒரே ஆண்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிடுங்கள். 2019இல் முல்லைத்தீவு நாட்டிலேயே முதலிடம். நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்கு. இதைத் தயங்காமல் எழுதலாம்.

போர் முடிந்த கையோடு வடக்கு ஆண்டுக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்று மத்திய வங்கி சொன்னதே?

சொன்னது, எண்ணும் பொய்யல்ல. மூன்று விஷயங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். அது நடப்பு விலைக் கணக்கு, விலையேற்றமும் உள்ளே இருக்கிறது. தொடங்கிய அடிப்படை மிகத் தாழ்வு: 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் முகாமில் இருந்தபோது உற்பத்தி என்று எண்ண என்ன இருந்தது? மூன்றாவது, வீதி, பாலம், வீடு, ரயில் பாதை என்று வெளிப் பணத்தில் நடந்த கட்டுமானம். கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் ரயில் வந்தது, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரில். பாதை போட்டு முடிந்ததும் அந்தக் கட்டுமானக் கணக்கும் முடிந்துவிடும்.

பணவீக்கம் வன்னிக்கு எவ்வளவு?

வன்னிக்கென்று சுட்டெண் இல்லை. செய்தியில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதம் என்று உச்சத்துக்குப் போனதும் அதுதான். நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் வேறு. புதுக்குடியிருப்புச் சந்தையைப் பற்றி எழுதுபவருக்குக் கொழும்பை விட அது கொஞ்சம் கிட்ட. இரண்டையும் கணிப்பது திணைக்களம், மத்திய வங்கி எடுத்து விளக்கம் எழுதும்.

மத்திய வங்கி தானே வெளியிடும் நாளாந்த விலை அறிக்கை புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி போன்ற சந்தைகளைப் பார்க்கிறது. மரக்கறிக்குத் தம்புள்ளை விலை நமக்கும் ஒரு திசைகாட்டி. மீனுக்கு அது உதவாது. முல்லைத்தீவுக் கரையில் கூறுகிற விலைக்கும் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன்சந்தை விலைக்கும் நடுவில் ஐஸ், லொறி, தரகு எல்லாம் இருக்கின்றன.

நெல் விளைச்சல்?

இதுதான் வன்னிக்கு நன்றாகக் கிடைக்கும் தரவு. மத்திய வங்கியில் நாட்டு மொத்தமும், மேலே சொன்ன ஆண்டுத் தொகுப்பில் மாவட்ட எண்களும் இருக்கும். திணைக்களத்தில் போகத்துக்குப் போகம், மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கும்: விதைத்த பரப்பு, அறுத்த பரப்பு, ஹெக்டேயருக்கு விளைச்சல், மொத்தம். பரப்பைப் பாரிய நீர்ப்பாசனம், சிறிய நீர்ப்பாசனம், மானாவாரி என்று பிரித்தும் தருவார்கள். இரணைமடுவும் கட்டுக்கரைக்குளமும் முதலாவதில் அடங்கும், ஊர்க் குளங்கள் இரண்டாவதில்.

ஆண்டு எழுதும் முறையில் கவனம். 2023/24 காலபோகம் என்றால் 2023இல் விதைத்து 2024 தொடக்கத்தில் அறுத்தது. 2024ஆம் ஆண்டு உற்பத்தி என்பது அதுவும் 2024 சிறுபோகமும் சேர்ந்தது. கிளிநொச்சியின் சிறுபோகம் இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் எவ்வளவு ஏக்கருக்குத் தண்ணீர் என்று தீர்மானித்த பிறகுதான் விதைப்பு. ஒரு வருடம் கொழித்து அடுத்த வருடம் சுருங்கும், ஆகவே ஐந்து வருடச் சராசரி எடுங்கள். 2021/22 காலபோகத்தை அடிப்படை ஆண்டாக வைக்கவே வேண்டாம். இரசாயன உரத் தடைக்குப் பின் வந்த போகம் அது. அதோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டும் சாதனை ஆண்டாகத் தெரியும்.

இந்த வருடம் இந்த ஊர் என்று வேண்டுமானால் கமநல சேவை நிலையம்தான்.

வெளிநாட்டுக் காசும் நுண்கடனும் எந்தக் கணக்கில் வருகின்றன?

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் பணம் உற்பத்தி அல்ல, அதனால் மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நேரடியாக இல்லை. அந்தப் பணத்தில் வீடு கட்டினால் கட்டுமானமாகத் தலைகாட்டும். மத்திய வங்கி மாதந்தோறும் சொல்லும் பணவனுப்பல் நாட்டு மொத்தம், அதுவும் வங்கி வழியே வந்தது. உண்டியலில் வந்தது அதில் இல்லை. வேலைக்கு வெளிநாடு போனவர்களை மாவட்ட வாரியாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வெளியிடுகிறது. ஆனால் புலம்பெயர்ந்து குடியேறியவர்கள் அந்த எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள், நமக்கோ அவர்கள்தான் பெரும்பகுதி.

நுண்கடனில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அவற்றின் மொத்தக் கணக்கும் மத்திய வங்கியில் உண்டு. வாராவாரம் வாசலுக்கு வந்து தவணை வாங்குபவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்கவாவது அது உதவும்.

1980கள், 90களின் எண்கள் வேண்டும்.

பொறுமை வேண்டும். 1981க்குப் பிறகு வடக்கில் முழுமையாக நடந்த முதல் தொகைமதிப்பு 2012தான். 2001இல் வன்னியில் முழுமையாக எடுக்க முடியவில்லை. மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி ஆய்வு 1953இல் தொடங்கியது, பழைய காலத்துக்கு நல்ல மூலம். ஆனால் 1996/97 ஆய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை, 2003/04இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் இல்லை. திணைக்களத்தின் 2009/10 ஆய்விலும் அதே மூன்று மாவட்டங்கள் விடுபட்டன. ஆகவே அந்தக் காலத்து "இலங்கைச் சராசரி" என்பது வன்னியை விட்டுவிட்டு எடுத்த சராசரி. இதை அடிக்குறிப்பில் போடுங்கள்.

கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய அட்டவணைகளில் அதை யாழ்ப்பாணத்துக்குள் தேடுங்கள்.

தமிழ் பிடிஎஃப்பில் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை, பிரதி எடுத்தால் குப்பை எழுத்தாக வருகிறது.

பழைய தமிழ் அறிக்கைகள் பல பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். வழி இதுதான்: ஆங்கிலப் பதிப்பில் தேடி அட்டவணை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தமிழ்ப் பதிப்பில் அதே இலக்கத்துக்குப் போங்கள். எண்களைக் கையால் அடிக்காதீர்கள். மத்திய வங்கியின் பொருளாதாரத் தரவு நூலகத்தில் நீண்டகாலத் தொடர்களை எக்செல்லாகவே இறக்கலாம்.

அட்டவணையில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் வலது மேல் மூலையில் அலகு. நாங்கள் இலட்சம், கோடி என்று பேசுகிறோம், அவர்கள் மில்லியன், பில்லியன் என்று எழுதுகிறார்கள். ஒரு மில்லியன் பத்து இலட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு பூச்சியம் தவறினால் முல்லைத்தீவு கொழும்பாகிவிடும். பிறகு, ஆண்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நிற்கும் சிறிய எழுத்து: திருத்தப்பட்டதா, தற்காலிகமானதா என்று கீழே விளக்கம் இருக்கும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7.8 சதவீதம் சுருங்கியது என்று முதலில் வந்தது, பின்னால் 7.3 ஆகத் திருத்தினார்கள். அதனால் ஒரு தொடரை எப்போதும் ஆகப் புதிய வெளியீட்டிலிருந்து முழுதாக எடுங்கள். பழைய அறிக்கையில் பாதி, புதியதில் பாதி என்று ஒட்ட வேண்டாம். அடிப்படை ஆண்டு மாறியிருந்தால் இன்னும் மோசம். தேசியக் கணக்கு 2010இலிருந்து 2015க்கு மாறியிருக்கிறது, விலைச் சுட்டெண்கள் 2013இலிருந்து 2021க்கு.

கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறதே, நேரில் போனால் தருவார்களா?

போகலாம். ஆனால் அது கடன் திட்டங்கள், நிதி அறிவூட்டல், பிராந்திய அபிவிருத்தி வேலைகளுக்கான இடம். கொழும்பு கணிக்காத மாவட்ட எண்ணை அங்கே அலமாரியில் வைத்திருக்கமாட்டார்கள். மாவட்ட எண்ணுக்குக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள். திணைக்களத்தின் புள்ளிவிபரக் கிளை அங்கேயே இருக்கிறது. மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலைக் கேளுங்கள். திட்டமிடல் கிளையிலும் விசாரியுங்கள். வட மாகாண சபை ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரத் தொகுப்பில் ஐந்து மாவட்டங்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருப்பதால் வன்னியைக் கூட்டுவது சுலபம்.

கேட்டும் தரவில்லை என்றால்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். "முல்லைத்தீவின் பொருளாதாரத் தரவு தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த விபரம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். ஏற்கெனவே அவர்களிடம் உள்ள பதிவைத்தான் தர முடியும். இல்லாத கணக்கை உங்களுக்காகப் போட்டுத்தரும் கடமை அவர்களுக்கு இல்லை.

கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவது?

எண், ஆண்டு, இடம், மூலம், தற்காலிகமா திருத்தியதா, நீங்கள் தரவிறக்கிய திகதி. நான்கு மாவட்டங்களை நீங்களே கூட்டியிருந்தால் "கட்டுரையாளர் கணிப்பு" என்று எழுதி, கூட்டிய முறையையும் போடுங்கள். மத்திய வங்கி சொல்லாத வன்னி எண்ணை மத்திய வங்கியின் தலையில் கட்டினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.